எல்1 நசுங்கினால் வயசுதான் காரணமா?

06.02.2023, இரவு 10.15 (கேள்வி)

அம்மாவுக்கு 68 வயசு. பொங்கலுக்கு முன்னாடி தண்ணிக் குடத்தைத் தூக்கினப்ப குறுக்குல சுளீர்னு பிடிச்சது. வாயுப் பிடிப்புன்னு தைலம் தேய்ச்சோம், கேக்கல. எக்ஸ்ரேயில எல்1, அதாவது இடுப்புப் பகுதியோட முதல் முள்ளெலும்பு, முன்பக்கம் நசுங்கியிருக்குன்னு வந்திருக்கு. டாக்டர் கால்சியம், வாரம் ஒரு மாத்திரை, பெல்ட் கொடுத்துட்டு ரத்தப் பரிசோதனையும் எம்.ஆர்.ஐ.யும் எழுதியிருக்கார். எங்க மாமா, "வயசான பொம்பளைங்களுக்கு முதுகெலும்பு நசுங்கத்தான் செய்யும், எம்.ஆர்.ஐ. எல்லாம் காசு பிடுங்குற வேலை"ங்கறார். எனக்கும் அதுதான் சரின்னு தோணுது. மறுக்கிறவங்க மறுக்கலாம்.

07.02.2023, காலை 6.20

மாமா சொன்னதுல முன்பாதி சரி, பின்பாதி தப்பு.

நான் டாக்டர் இல்லை. தெற்கத்திப் பக்கம் ஒரு ஆஸ்பத்திரியில எக்ஸ்ரே எடுக்கிறவள். இருட்டறையில ஃபிலிம் கழுவின காலத்துல இருந்து இன்னிக்கு கம்ப்யூட்டர் வரைக்கும் ஊரார் முதுகெலும்பைப் பார்த்தே பொழுது போகுது. அறுபது தாண்டின பெண்கள்ல டி12 (மார்புப் பகுதியோட கடைசி முள்ளெலும்பு), எல்1 நசுங்கின படம் வராத வாரமே கிடையாது. பெரும்பாலும் எலும்பு அடர்த்தி குறைஞ்சதுதான் காரணம். சில நேரம் கேன்சராவும் இருக்கும். ஆனா படத்துல தெரியறது நசுங்கல் மட்டும். எது நசுக்கினதுங்கிறதை சாதா எக்ஸ்ரே பல நேரம் சொல்லாது. உங்க டாக்டர் அதைத்தான் தேடச் சொல்லியிருக்கார். எழுதிக் கொடுத்ததே பெரிய விஷயம்.

07.02.2023, மதியம் 1.40

கேட்க மறந்தது: அம்மாவுக்கு உயரம் குறைஞ்சிருக்கா? யாரும் அளந்து வச்சிருக்க மாட்டாங்க. ஆனா "இப்பல்லாம் புடவை தரையில புரளுது"ன்னு சொல்லியிருப்பாங்க. இளவயசு உயரத்தைவிட 4 செ.மீ. குறைஞ்சிருந்தா இது முதல் உடைவா இருக்க வாய்ப்பு கம்மி. முள்ளெலும்பு உடைவுகள்ல சுமார் மூணுல ரெண்டு பங்கு யாரும் கண்டுபிடிக்காமலே போகுது. தைலத்தோடயும் பெல்ட்டோடயும் முடிஞ்சுடும்.

07.02.2023, இரவு 9.50

"எலும்பு கல்லு மாதிரி இருக்கிறது, குடம் தூக்கினா உடையுமா?"ன்னு ஒருத்தர் கேட்டிருக்கார். உடையும். தும்மினாலே உடைஞ்ச ஆளைப் பார்த்திருக்கேன்.

முள்ளெலும்போட உடம்புப் பகுதி திடமான கட்டி கிடையாது. வெளியே மெல்லிசா ஒரு ஓடு, உள்ளே நுண்ணிய சட்டங்கள் நெடுக்கும் குறுக்குமா பின்னியிருக்கும், இடைவெளி முழுக்க மஜ்ஜை. எலும்பு உயிருள்ள பொருள். ஆஸ்டியோகிளாஸ்ட்னு ஒரு வகை செல் பழசைக் கரைக்கும், ஆஸ்டியோபிளாஸ்ட் புதுசைக் கட்டும். ஒரு இடத்தைக் கரைக்க மூணு வாரம் போதும், திருப்பிக் கட்ட மூணு நாலு மாசம் ஆகும். மாதவிடாய் நின்னதும் ஈஸ்ட்ரோஜன் குறையுது, கரைக்கிற வேலை முந்திக்குது. அடுத்த 5 முதல் 7 வருஷத்துல எலும்பு அடர்த்தியில 20 சதவீதம் வரைக்கும் போயிடலாம்.

இதுல முதல்ல காணாமப் போறது குறுக்குச் சட்டங்கள். பழைய ஃபிலிமை விளக்குப் பெட்டியில வச்சுப் பார்த்தா எலும்புக்குள்ள செங்குத்துக் கோடுகள் மட்டும் தனியாத் தெரியும். நெடுக்குச் சட்டம்தானே பாரம் தாங்குது, குறுக்கு போனா என்னன்னு தோணும். ஆய்லர் 18-ஆம் நூற்றாண்டுலயே இதுக்குக் கணக்குப் போட்டுட்டார். தூணுக்கு நடுவுல பிடிமானம் இல்லாத நீளம் ரெண்டு மடங்கானா, அது வளையாமத் தாங்குற பாரம் நாலுல ஒண்ணாக் குறையும். அதாவது எலும்பு கொஞ்சம்தான் குறைஞ்சிருக்கும், பலம் அதைவிடப் பல மடங்கு போயிருக்கும்.

ஏன் டி12, எல்1? மேலே மார்புப் பகுதி 12 எலும்பையும் விலாக்கூடு பிடிச்சு வச்சிருக்கு, கீழே இடுப்பு 5 எலும்பும் தாராளமா ஆடுது. ஆடாததும் ஆடறதும் சந்திக்கிற இடத்துல பாரம் குவியும். குனிஞ்சு குடத்தைத் தூக்கறப்ப முன்விளிம்புலதான் முழு அழுத்தமும். அதனாலதான் முன்பக்கம் மட்டும் நசுங்கி ஆப்பு வடிவம் ஆகுது. அப்படி ரெண்டு மூணு சேர்ந்தா கூன்.

09.02.2023, இரவு 11.05

கேன்சர் எப்படி முதுகெலும்புக்கு வருதுன்னு எழுதச் சொன்னாங்க.

எலும்புக்குப் பரவுற கேன்சர் மத்த எல்லா எலும்பையும்விட அதிகமா வந்து சேர்ற இடம் முதுகெலும்பு. மார்பகம், பிராஸ்டேட், நுரையீரல், சிறுநீரகம், தைராய்டு, இந்த அஞ்சையும்தான் முதல்ல சந்தேகப்படுவாங்க. 1889-ல லண்டன்ல ஸ்டீபன் பேஜட்ங்கிற அறுவை மருத்துவர் மார்பகக் கேன்சர்ல இறந்த 735 பேரோட பிணப் பரிசோதனைப் பதிவுகளைப் புரட்டிட்டு, விதை எங்கே வேணா விழும், தோதான மண்ணுலதான் முளைக்கும்னு எழுதினார். முள்ளெலும்புல வயசான பிறகும் சிவப்பு மஜ்ஜை இருக்கு, ரத்த ஓட்டம் இருக்கு. மண் தயார்.

வழியும் தயார். 1940-ல பேட்சன்ங்கிற அமெரிக்க உடற்கூறியலாளர் பிணங்கள்ல சாயம் ஏத்திப் பார்த்தார். முதுகெலும்பைச் சுத்தியிருக்கிற சிரைகள்ல வால்வு கிடையாது. இருமினா, முக்கினா, ரத்தம் எதிர்த்திசையிலயும் போகும். பிராஸ்டேட்ல இருக்கிற செல் இதயத்தையும் நுரையீரலையும் சுத்தாம நேரா இடுப்பு முள்ளெலும்புக்கு வந்துடலாம்.

வந்த செல் எலும்பைத் தானே கடிக்காது. நம்ம ஆஸ்டியோகிளாஸ்டைத்தான் தூண்டிவிடும். எலும்பு கரையறப்ப அதுல அடங்கியிருந்த வளர்ச்சிப் பொருள்கள் வெளியே வரும், அதைச் சாப்பிட்டுக் கட்டி வளரும், வளர்ந்ததும் இன்னும் தூண்டும். மாதவிடாய் நின்ன பெண்ணுக்கு மெதுவா நடக்கிற அதே கரைப்புதான், இங்கே ஒரே இடத்துல வெறியோட நடக்குது. எலும்பு இழப்புக்குக் கொடுக்கிற ஜோலெட்ரானிக் அமிலமும் டெனோசுமாபும் கேன்சர் வார்டுலயும் புழங்கறது இதனாலதான். அளவும் இடைவெளியும் மட்டும் வேற.

எங்க அறையில இதுக்கு ஒரு அடையாளம் உண்டு. நேர்முகப் படத்துல ஒவ்வொரு முள்ளெலும்புலயும் ரெண்டு பக்கமும் வட்டமா பெடிக்கிள் (எலும்போட முன்பகுதியையும் பின்வளைவையும் இணைக்கிற காம்பு) தெரியும், நடுவுல முள் நீட்டம். பார்த்தா ஆந்தை முகம். கேன்சர் ஒரு பெடிக்கிளை அரிச்சிட்டா ஒரு கண் காணாமப் போகும். கண் சிமிட்டுற ஆந்தைன்னு பாடத்துலயே இருக்கு. புதுசா வர்ற பசங்களுக்கு நான் சொல்றது, நசுங்கின எலும்பைப் பார்க்கறதுக்கு முன்னாடி மேல இருந்து கீழ வரைக்கும் கண்ணை எண்ணு.

10.02.2023, காலை 5.55

மேலே எழுதினதைப் படிச்சுட்டு, "அப்ப ரெண்டு கண்ணும் இருந்தா கேன்சர் இல்லையா?"ன்னு கேள்வி. அப்படி எடுத்துக்காதீங்க. கனிமச் சத்துல 30 முதல் 50 சதவீதம் கரைஞ்ச பிறகுதான் சாதா எக்ஸ்ரேயில ஓட்டையே தெரியும். கண் இல்லைன்னா சந்தேகம் உறுதி. கண் இருந்தா ஒண்ணும் சொல்ல முடியாது.

10.02.2023, காலை 5.58

ஆந்தை அபசகுனம்னு எழுதின அன்பர், ராத்திரி எங்க அறைக்கு வராதீங்க.

12.02.2023, மாலை 4.30

ஞாயித்துக்கிழமை, கொஞ்சம் நீளமா எழுதறேன். மாமாவுக்கு எதிர்ப்பக்கம் நிக்கிறவங்களுக்காக. அதாவது நசுங்கல்னாலே கேன்சர்னு முடிவு கட்டுறவங்களுக்கு.

எங்க அம்மாவுக்கு மார்பகக் கேன்சர். ஆபரேஷன், கீமோ, கரண்ட் வைக்கிறது (கதிர்வீச்சு) எல்லாம் முடிஞ்சு லெட்ரோசோல் மாத்திரையில இருந்தாங்க. சில வருஷம் கழிச்சு ஒருநாள் பஸ்ஸுல கடைசி சீட்டு. வேகத்தடையில தூக்கிப் போட்டதுல முதுகு பிடிச்சிருச்சு. படத்தை நான்தான் எடுத்தேன். எல்1 ஆப்பு மாதிரி நசுங்கியிருந்தது. ரெண்டு கண்ணும் இருந்தது, ஆனா அதை நம்பி உட்கார முடியாதுன்னு எனக்குத் தெரியுமே. வீட்டுல அத்தைங்க அதுக்குள்ள அழ ஆரம்பிச்சாச்சு. "திரும்ப வந்துருச்சு, இனி எதுக்கு அவளை அலைக்கழிக்கிறீங்க"ன்னு பெரியப்பா. ஒரு டாக்டரே எம்.ஆர்.ஐ. பார்க்கறதுக்கு முன்னாடி, "மார்பகக் கேன்சர் ஹிஸ்டரி இருக்கே, வேற என்னவா இருக்கப் போவுது"ன்னார்.

எம்.ஆர்.ஐ.யில எலும்போட நசுங்கின விளிம்புத் தட்டை ஒட்டி மட்டும் ஒரு பட்டை மாதிரி நீர் கோத்திருந்தது. மத்த மஜ்ஜை நல்லபடியா இருந்தது. எலும்போட பின்சுவர் உள்ளே குழிஞ்சபடியே இருந்தது, பெடிக்கிள் சுத்தம், பக்கத்துல கட்டி எதுவும் இல்லை. கேன்சரா இருந்தா பெரும்பாலும் மஜ்ஜை முழுக்க மாறியிருக்கும், பின்சுவர் தண்டுவடத்தைப் பார்த்துப் புடைச்சிருக்கும், வேற எலும்புகள்லயும் புள்ளிகள் தெரியும். அம்மாவுக்கு வெறும் எலும்பு இழப்பு. அதுக்குக் காரணமும் கேன்சர் சிகிச்சைதான். லெட்ரோசோல் மிச்சமிருக்கிற ஈஸ்ட்ரோஜனையும் அடைச்சுடும், அதான் அதோட வேலை. கேன்சருக்கு நல்லது, எலும்புக்குக் கெட்டது. பிராஸ்டேட்டுக்கு ஹார்மோன் ஊசி போடுற ஆண்களுக்கும் இதே கதை. ஆரம்பத்துலயே டெக்ஸா (எலும்பு அடர்த்தி பார்க்கிற ஸ்கேன்) எடுத்து எலும்புக்கும் மருந்து கொடுக்கணும். அம்மாவுக்கு யாரும் எடுக்கச் சொல்லல.

கேன்சர் வந்தவங்க முதுகுல நசுங்கறதெல்லாம் கேன்சர் இல்லை. வயசானவங்க முதுகுல நசுங்கறதெல்லாம் வயசும் இல்லை. ரெண்டு பக்கமும் பார்க்காமலே தீர்ப்பு எழுதுறவங்கதான் அதிகம்.

12.02.2023, இரவு 8.15

டெக்ஸா கேட்டவருக்கு: 1994-ல உலக சுகாதார நிறுவனம் வகுத்த கணக்குப்படி டி-ஸ்கோர் (இளவயசு சராசரியோட ஒப்பிடுற எண்) மைனஸ் 2.5 அல்லது அதுக்குக் கீழே போனா ஆஸ்டியோபோரோசிஸ், அதாவது எலும்பு இழப்பு. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவுல இருந்தா குறைய ஆரம்பிச்சிருக்கு.

ஆனா எண்ணை மட்டும் நம்பினா சிரிப்பா வந்து நிக்கும். எங்க சித்தப்பா டெக்ஸா ரிப்போர்ட்டை லேமினேட் பண்ணி வச்சிருந்தார். இடுப்பு முள்ளெலும்பு டி-ஸ்கோர் நல்ல ப்ளஸ்ஸுல. "இளவட்டத்தோட எலும்புய்யா எனக்கு"ன்னு கல்யாண வீட்டுல எல்லாம் காட்டுவார். எனக்கு அந்த எண் பிடிக்கல, சாதா படம் ஒண்ணு எடுத்தேன். மூணு எலும்பு சுண்ணாம்பு வெள்ளை. பிராஸ்டேட்டுக்கான ரத்தப் பரிசோதனை பி.எஸ்.ஏ. பார்த்தா எகிறிக் கிடந்தது. பிராஸ்டேட் கேன்சர் பெரும்பாலும் எலும்பைக் கரைக்காது, தாறுமாறா வளர்க்கும். அடர்த்தி ஏறும், பலம் ஏறாது. டெக்ஸா அடர்த்தியை மட்டும்தான் பார்க்கும்.

கேன்சர் இல்லாமலும் எண் ஏமாத்தும். மூட்டுத் தேய்மானத்துல முளைக்கிற எலும்பு நீட்டங்கள், சுண்ணாம்பு படிஞ்ச மகாதமனி, ஏன், நசுங்கின எலும்பே அடர்த்தியாத்தான் தெரியும். அதனால முதுகோட இடுப்பு மூட்டு எலும்பையும் சேர்த்து எடுப்பாங்க.

13.02.2023, காலை 6.10

ரத்தம் எதுக்குன்னு கேட்டிருந்தீங்க. மைலோமாவுக்கு.

மஜ்ஜையில இருக்கிற பிளாஸ்மா செல்லோட கேன்சர் அது. எலும்பு இழப்பு வேஷத்துல வந்து நிக்கும். ஆந்தைக்கு ரெண்டு கண்ணும் இருக்கும், எல்லா எலும்பும் ஒரே சீரா வெளிறியிருக்கும், ஒண்ணு ரெண்டு நசுங்கியிருக்கும். டெக்ஸா மைனஸ் 3 காட்டும். மாத்திரை எழுதி அனுப்பிடுவாங்க. எலும்பு ஸ்கேன்லயும் நழுவிடும். அந்த ஸ்கேன் எலும்பு புதுசாக் கட்டப்படுற இடத்தைத்தான் காட்டும், மைலோமாவுல கட்டுறதே நின்னு போயிருக்கும். எங்ககிட்ட வந்த ஒரு டீச்சரம்மா, ஒவ்வொரு தடவையும் ஒரு எலும்பு கூடுதலா நசுங்கி வந்தாங்க. சோகையா இருந்தாங்க. தாகம், மலச்சிக்கல், பேச்சுல தடுமாற்றம்னு வீட்டார் சொன்னதை வயசுன்னு விட்டுட்டாங்க. எலும்பு கரைஞ்சு ரத்தத்துல கால்சியம் ஏறினதோட அடையாளம் அது.

ஹீமோகுளோபின், இ.எஸ்.ஆர்., கால்சியம், கிரியாட்டினின், புரத எலக்ட்ரோபோரெசிஸ் (ரத்தத்துல இருக்கிற புரதங்களைப் பிரிச்சுப் பார்க்கிற சோதனை). எம்.ஆர்.ஐ. செலவோட பார்த்தா இதெல்லாம் ஒண்ணுமே இல்லை. முதல்ல ரத்தம், அப்புறம்தான் எம்.ஆர்.ஐ. யோசனை. நசுங்கின ஒவ்வொருத்தருக்கும் எம்.ஆர்.ஐ. கட்டாயம்னு நான் சொல்லல. முன்னாடி கேன்சர் வந்திருக்கு, எடை குறையுது, படுத்தாலும் வலி அடங்கல, மார்புப் பகுதி உச்சியில டி5-க்கு மேல தனியா ஒண்ணு நசுங்கியிருக்கு, ரத்தத்துல ஏதோ கோளாறு, இதுல ஒண்ணு இருந்தாலும் எடுத்துடணும்.

15.02.2023, இரவு 10.40

"படுத்தாலும் வலி அடங்கல"ன்னு எழுதினதைக் கொஞ்சம் திருத்தணும். எலும்பு இழப்பால நசுங்கினவங்களுக்கும் ராத்திரி வலிக்கும். புரண்டு படுக்கறப்ப, எழுந்திருக்கறப்ப உயிர் போகும். அசையாம மல்லாந்து படுத்தா அடங்கும். கேன்சர் வலி அசையாம இருந்தாலும் இருக்கும், விடியற்காலை எழுப்பி உட்கார வைக்கும், வாரம் போகப் போகக் கூடும். "எப்படிப் படுத்தா சுகமா இருக்கு?"ன்னு கேட்டுப் பாருங்க. பதில் வந்தா கொஞ்சம் நிம்மதி.

நம்ம ஊருல மூணாவதா ஒண்ணு இருக்கே, யாரும் எழுதல. காசநோய். சாயங்காலக் காய்ச்சல், எடை குறைவு, முதுகு வலி, பார்க்கக் கேன்சர் மாதிரியே இருக்கும். படத்துல ஒரு வித்தியாசம் உண்டு. காசநோய் பெரும்பாலும் நடுவுல இருக்கிற டிஸ்கையும் சேர்த்துத் தின்னுட்டு ரெண்டு எலும்பையும் ஒட்ட வைக்கும். கேன்சர் எலும்பை அரிக்கும், டிஸ்கைத் தொடாது. இதுக்கு பாட் நோய்னு பேர் வச்சது லண்டன் மருத்துவர் பெர்சிவல் பாட் 1779-ல எழுதினதால. அதே மனுஷன்தான் 1775-ல புகைபோக்கி துடைக்கிற பையன்களுக்குக் கரியால விரைப்பையில கேன்சர் வருதுன்னு முதல்ல சொன்னவர். சந்தேகம் தீராட்டி ஊசி விட்டு ஒரு துண்டு எடுத்துப் பார்க்கிறதுதான் வழி. "ஊசி குத்தினா பரவிடும்"னு பயந்து மறுக்கறாங்க. மறுக்காதீங்க.

16.02.2023, காலை 7.00

இதை முதல்லயே எழுதியிருக்கணும், தனியா வைக்கிறேன். கால் தடுமாறுது, செருப்பு கழண்டு போறது தெரியல, தொடைக்கு நடுவுல மரத்துப் போச்சு, ஒண்ணுக்கு வரல அல்லது தெரியாமப் போகுது. இதுல எது வந்தாலும் அன்னிக்கே ஆஸ்பத்திரி. தண்டுவடம் அழுந்துது. நாளைக்கு ஓ.பி.யில பார்த்துக்கலாம்னு விடக் கூடாது. நடந்து உள்ளே போறவங்கதான் பெரும்பாலும் நடந்து வெளியே வர்றாங்க. படுத்த பிறகு கொண்டு வந்தா மீட்கிறது கஷ்டம். கேன்சரால தண்டுவடம் அழுந்தினவங்களை வச்சு 2005-ல லேன்செட் மருத்துவ இதழ்ல வந்த ஆய்வுல, கரண்ட் மட்டும் வச்சவங்கள்ல 57 சதவீதம் பேரும், முதல்ல ஆபரேஷன் செஞ்சு கட்டியை எடுத்துட்டுக் கரண்ட் வச்சவங்கள்ல 84 சதவீதம் பேரும் நடந்தாங்க. எல்லார் உடம்பும் ஆபரேஷனைத் தாங்காது, அது வேற விஷயம். வலிக்கு மட்டும்னா 8 கிரே அளவு கரண்ட் ஒரே தடவை வச்சாலே பல பேருக்குக் கேட்கும்.

22.02.2023, இரவு 9.20 (கேள்வி கேட்டவர்)

ரத்தம் எல்லாம் நார்மல். எம்.ஆர்.ஐ.யும் எடுத்தோம், எலும்பு இழப்பு மட்டும்தான்னு வந்திருச்சு. வலியும் குறைஞ்சுட்டு வருது. "நான் அப்பவே சொன்னேன்ல"ன்னு மாமா வீட்டுக்கு வந்து காபி குடிச்சுட்டுப் போறார்.

22.02.2023, இரவு 9.45

குடிக்கட்டும். அம்மா மட்டும் மாத்திரை போடுற நாள்ல காபியைத் தள்ளி வைக்கணும். அலென்ட்ரோனேட் 70 மி.கி. வெறும் வயித்துல, வெறும் தண்ணியில, முழு டம்ளர். அரை மணி நேரம் படுக்கக் கூடாது, வேற எதுவும் உள்ளே போகக் கூடாது. காபியோட போட்டா மருந்து உடம்புல ஏறறது பாதிக்கு மேல குறைஞ்சுடும். எங்க அம்மாவுக்கு கீமோவைவிட இந்த அரை மணி நேரம்தான் பெரிய தண்டனை. பல் பிடுங்குற வேலை பாக்கி இருந்தா இப்பவே முடிச்சுக்கங்க, இந்த மருந்துகள்ல அபூர்வமா தாடை எலும்பு ஆறாமப் போகும்.

25.02.2023, காலை 6.30

டெனோசுமாப் ஊசி போட்டுட்டிருந்து ஊரடங்குல விட்டுப்போச்சு, அப்புறம் ஒரே வருஷத்துல மூணு எலும்பு நசுங்கிடுச்சுன்னு எழுதின அக்காவுக்கு: அது தற்செயல் கிடையாது. ஆறு மாசத்துக்கு ஒருமுறை 60 மி.கி., அதுல தவணை தப்பக் கூடாது. நிறுத்தினா அடக்கி வச்ச கரைப்பு மொத்தமா எழுந்திரிக்கும், ஒண்ணுக்கு மேல முள்ளெலும்பு உடையும். நிறுத்தித்தான் ஆகணும்னா வேற மருந்துக்கு மாத்திட்டு நிறுத்தணும். ஊசி போடறப்பவே இதைச் சொல்லியிருக்கணும் உங்களுக்கு.

26.02.2023, மாலை 5.10

யோகா. அம்மாவுக்கு வகுப்புல சேரச் சொல்லி மூணு பேர் எழுதியிருக்கீங்க. முன்னாடி குனியற ஆசனம் எதுவும் வேண்டாம். பச்சிமோத்தாசனம், பாதஹஸ்தாசனம், படுத்திருந்து எழுந்து உட்கார்ற வயித்துப் பயிற்சி எதுவும். 1984-ல மேயோ கிளினிக்ல எலும்பு இழப்பு இருக்கிற பெண்களை வச்சுப் பார்த்தாங்க. முதுகைப் பின்னால நிமிர்த்துற பயிற்சி செஞ்சவங்கள்ல 16 சதவீதம் பேருக்குப் புது உடைவு, முன்னால குனியற பயிற்சி செஞ்சவங்கள்ல 89 சதவீதம் பேருக்கு. சின்ன ஆய்வுதான், ஆனாலும் வித்தியாசத்தைப் பாருங்க. நடக்கலாம். சுவத்தோட சாஞ்சு நின்னு தோளைப் பின்னால இழுக்கலாம். குடம் தூக்குறது உங்க வேலை இனிமே.

01.03.2023, இரவு 10.00

சிமென்ட் ஊசி, அதாவது நசுங்கின எலும்புக்குள்ள ஊசி வழியா சிமென்ட் ஏத்துறது. மாமா விசாரிச்சு வந்தாராமே, இப்ப மட்டும் காசு பிடுங்கல் இல்லையா?

1984-ல பிரான்சுல அமியான் நகரத்துல முதல்ல செஞ்சாங்க, கழுத்து முள்ளெலும்புல இருந்த ரத்தநாளக் கட்டிக்கு. அப்புறம் எலும்பு இழப்புக்கும் பரவிடுச்சு. 2009-ல ரெண்டு ஆய்வுகள்ல பாதிப் பேருக்கு சிமென்ட், மீதிப் பேருக்கு ஊசி போடுற பாவனை மட்டும். வலி ரெண்டு பக்கமும் ஒரே அளவு குறைஞ்சது. கேன்சரால நசுங்கினவங்களுக்குக் கதை வேற, அங்கே பலன் தெரியுது. உங்க அம்மாவுக்கு வலி குறைஞ்சுட்டு வருதுன்னு எழுதியிருக்கீங்க. ஆறுல இருந்து பன்னிரண்டு வாரத்துல பெரும்பாலும் ஆறிடும். அதுக்குள்ள அவசரம் வேண்டாம்.

02.03.2023, காலை 6.05

பெல்ட்டை எழுந்து நடமாடுறப்ப மட்டும் போடச் சொல்லுங்க. வலி விட்டதும் கழட்டிடணும், இல்லன்னா முதுகுத் தசை சோம்பேறியாயிடும். எப்பக் கழட்டறதுன்னு டாக்டர்கிட்ட கேளுங்க, மாமாகிட்ட வேண்டாம்.